இந்த சால்மன் எந்த ஆற்று மீன்? மரபணுக் குறிப்பான்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிடிபட்ட சால்மன் எந்த ஆற்றைச் சேர்ந்தது என்று ஏன் தெரிய வேண்டும்?

சால்மன் கடலில் வளர்ந்தாலும் முட்டையிடுவதற்கு, தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். தலைமுறை தலைமுறையாக இப்படித் திரும்புவதால் ஒவ்வொரு ஆற்றுக் கூட்டமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தனித்தன்மை பெறுகிறது. கடலில் இருக்கும்போது எல்லாக் கூட்டங்களும் கலந்துதான் மேய்கின்றன. லட்சக்கணக்கில் திரும்பும் ஆற்றின் மீனும், சில ஆயிரம் கூட மிஞ்சாத ஆற்றின் மீனும் ஒரே வலையில் ஏறும். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும்.

ஆகவே, நலிந்த கூட்டம்தான் மொத்த மீன்பிடிப்புக்கும் எல்லை வகுக்கிறது. 2006இல் கிளாமத் ஆற்றுக்கு இலையுதிர்காலத்தில் திரும்பும் சினூக் (ஒரு சால்மன் இனம்) குறைந்துபோனதால் ஓரிகன், வட கலிபோர்னியா கரையோர வணிக மீன்பிடி பெருமளவு முடக்கப்பட்டது. அந்த ஆறு மட்டும் நலிந்திருந்தாலும், அதே கடலில் இருந்த மற்ற ஆறுகளின் மீனையும் பிடிக்க முடியாமல் போனது. எந்த வாரம், எந்தப் பகுதியில், எந்தக் கூட்டம் எவ்வளவு விழுகிறது என்று தெரிந்தால் முழுக் கடலையும் மூடாமல் தேவைப்பட்ட இடத்தை மட்டும் மூடலாம். அமெரிக்காவும் கனடாவும் 1985இல் செய்துகொண்ட பசிபிக் சால்மன் ஒப்பந்தமும், யாருடைய ஆற்று மீனை யார் பிடிக்கிறார்கள் என்ற கணக்கின் மேல்தான் நிற்கிறது.

முன்பு கம்பிக் குறிதானே போட்டார்கள்? அது போதாதா?

குஞ்சு பொரிப்பகத்தில் மீன்குஞ்சின் மூக்கில் 1.1 மில்லிமீட்டர் நீளமுள்ள, எண் பொறித்த கம்பித் துண்டைச் செலுத்தி, அடையாளத்துக்கு, முதுகில் வாலுக்கு முன்னால் உள்ள சிறிய கொழுப்புத் துடுப்பை வெட்டிவிடுவார்கள். இந்த முறை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. மீனின் வயதையும் பொரிப்பகத்தையும் துல்லியமாகச் சொல்லிவிடும். ஆனால் கம்பியைப் படிக்க மீனைக் கொன்று தலையை அறுக்க வேண்டும். இயற்கையாக ஆற்றில் பிறந்த மீன்களில் பெரும்பாலானவற்றுக்குக் குறியே இருக்காது. பாதுகாக்க வேண்டிய கூட்டங்களோ பெரும்பாலும் இயற்கைக் கூட்டங்கள்தான். மரபணுவை யாரும் போய்ப் பொருத்த வேண்டியதில்லை, எல்லா மீனிலும் பிறவியிலேயே இருக்கிறது.

எந்த வகைக் குறிப்பான்களைப் பயன்படுத்துகிறார்கள்?

குறிப்பான் என்பது மீனுக்கு மீன் வேறுபடும், படித்து ஒப்பிடக்கூடிய மரபணு அடையாளம். இதில் இதுவரை மூன்று தலைமுறைகள் வந்திருக்கின்றன. முதலில் 1970கள், 80களில் அல்லோசைம்கள், அதாவது புரத வேறுபாடுகள். தசை, கல்லீரல், இதயம், கண் என்று திசுக்களை எடுத்து உறைநிலையிலேயே ஆய்வகம் சேர்க்க வேண்டும், மீன் பிழைக்காது. அடுத்து 1990களில் மைக்ரோசாட்டிலைட்கள், அதாவது டிஎன்ஏவில் ஒரு சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்கள். ஒரே குறிப்பானில் பத்து, இருபது அல்லீல்கள் (மாற்று வடிவங்கள்) இருக்கும் என்பதால் ஒவ்வொன்றும் நிறையத் தகவல் தரும். துடுப்பில் ஒரு துணுக்கு போதும். சிக்கல் என்னவென்றால், அல்லீலின் நீளத்தை ஒரு கருவி 182 என்றும் இன்னொரு கருவி 184 என்றும் காட்டும். சினூக்குக்கான பொதுத் தரவுத்தொகுப்பை உருவாக்கப் பல ஆய்வகங்கள் சேர்ந்து 13 மைக்ரோசாட்டிலைட்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அல்லீலுக்கும் பெயரை ஒத்திசைக்கவே பெரும்பாடு பட்டன.

இப்போது எஸ்என்பி காலம். டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும் இடம் அது. பொதுவாக இரண்டே அல்லீல் என்பதால் தனியாக ஒரு எஸ்என்பி அதிகம் சொல்லாது. ஆனால் நூற்றுக்கணக்கில் ஒரே ஓட்டத்தில் படிக்கலாம். ஏ என்றால் எந்த ஆய்வகத்திலும் ஏதான். புதிதாகத் தொடங்குபவர்கள் எஸ்என்பியிலேயே தொடங்குவது நல்லது. பழைய மைக்ரோசாட்டிலைட் தரவு கையில் இருக்கிறது என்பதற்காக அதையே பிடித்துத் தொங்க வேண்டாம்.

மாதிரி எடுப்பது எப்படி? எங்கே தவறுகிறது?

வால் துடுப்பு அல்லது வயிற்றுத் துடுப்பின் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் சதுரத் துணுக்கை வெட்டி, குறைந்தது 95% எத்தனாலில் போட வேண்டும். எத்தனாலின் கொள்ளளவு திசுவைப்போல் ஐந்து மடங்காவது இருக்கட்டும். ஆர்வக்கோளாறில் பெரிய துண்டாக வெட்டிச் சிறிய குப்பியில் திணிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. திசுவிலுள்ள நீர் எத்தனாலை நீர்க்கச் செய்துவிடும். டிஎன்ஏ குப்பிக்குள்ளேயே சிதையும். தடித்த வடிதாளில் ஒட்டி நன்றாக உலர்த்தி வைப்பதும் சரியான வழிதான். படகில் கொட்டிப்போக எதுவும் இல்லை என்பது அதில் கூடுதல் வசதி.

ஒவ்வொரு மீனுக்கும் இடையில் கத்தரிக்கோலைத் துடையுங்கள். செதில் மாதிரிகளில் இன்னும் கவனம் வேண்டும். மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருக்கும்போது பக்கத்து மீனின் கோழையும் செதிலும் ஒட்டிக்கொண்டு வரும். அப்படிக் கலந்த மாதிரியில் வழக்கத்தைவிட மிக அதிகமான இடங்களில் இரண்டு அல்லீல்களும் தெரியும். அந்த அறிகுறி தென்பட்டால் மாதிரியைத் தூக்கிப் போடுவதே மேல்.

குப்பியின் வெளியே சாதாரண மையால் எழுதாதீர்கள், எத்தனால் பட்டால் அழிந்துவிடும். பென்சிலால் எழுதிய சீட்டு உள்ளேயே இருக்கட்டும்.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது?

இன்று சால்மன் ஆய்வகங்களில் பரவலாக இருப்பது ஜிடி-செக் என்ற முறை. புரோட்டினேஸ் கே நொதியில் திசுவைக் கரைத்து, 96 குழித் தட்டில் டிஎன்ஏ பிரிக்கப்படும். முதல் பிசிஆரில் (டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் வினை) சில நூறு பிரைமர் இணைகள் (எந்த இடத்தைப் பெருக்குவது என்று காட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) ஒரே குழியில் சேர்ந்து வேலை செய்யும். அதை நீர்க்கச் செய்து, இரண்டாம் பிசிஆரில் ஒவ்வொரு மீனுக்கும் தனிக் குறியீட்டுத் தொடர் இணைக்கப்படும். பிறகு எல்லாக் குழிகளிலும் டிஎன்ஏ அளவைச் சமன் செய்து, ஒரே குழாயில் கலந்து, வரிசையறியும் கருவியில் ஏற்றினால் ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே ஓட்டத்தில் முடியும்.

கருவியிலிருந்து வருவது வெறும் எண்ணிக்கை. ஒரு மீனுக்கு, ஓர் இடத்தில், ஏ எத்தனை முறை, ஜி எத்தனை முறை என்று. பரவலான நடைமுறை இது: படிப்புகள் (கருவி அந்த இடத்தைப் படித்த தடவைகள்) மொத்தம் 10க்குக் குறைவென்றால் முடிவு சொல்லாதே. ஓர் அல்லீல் மற்றதைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருந்தால் அந்த மீனுக்கு அந்த அல்லீல் மட்டும்தான். விகிதம் ஐந்து மடங்குக்குள் இருந்தால் இரண்டும் உண்டு. ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் விழுந்தால் காலியாக விடு. 48க்கு 43 என்று வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை; 61க்கு 8 என்று வந்தால் ஊகிக்காமல் விட்டுவிடுவதுதான் முறை.

பிசிஆர் பலவீனமான பிரைமரை ஒதுக்கி, வலுவானதையே ஊட்டி வளர்க்கும். மொத்தப் படிப்புகளில் பாதியை நாலைந்து பிரைமர்களே விழுங்குகின்றன என்று கண்டால் அவற்றின் செறிவைக் குறையுங்கள் அல்லது தொகுப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

தரச் சோதனையில் எதை விடக்கூடாது?

குறிப்பான்களில் 20%க்கு மேல் விடுபட்ட மீனை நீக்குங்கள். 95%க்கு மேல் ஒத்துப்போகும் இரண்டு மாதிரிகள் வந்தால், அது ஒரே மீனை இரண்டு முறை வெட்டியதுதான். ஒவ்வொரு தட்டிலும் சுமார் 8% மீன்களுக்கு டிஎன்ஏவை மறுபடி பிரித்து, முதலில் இருந்து செய்து ஒப்பிடுங்கள்.

தட்டைத் திருப்பி வைத்துவிடுவது எந்த ஆய்வகத்திலும் நடக்கக்கூடியது. 180 பாகை திருப்பினால் ஏ1 இருந்த இடத்தில் எச்12 வந்து நிற்கும். தரவெல்லாம் அழகாகத்தான் இருக்கும், மீன்கள் மட்டும் மாறியிருக்கும். டிஎன்ஏ போடாத வெற்றுக் குழியைச் சமச்சீரற்ற இடத்தில் வைத்தால் உடனே மாட்டிக்கொள்ளும். சால்மனில் ஆண் பாலினத்தைத் தீர்மானிக்கும் எஸ்டிஒய் மரபணுவுக்கு ஒரு குறிப்பானைத் தொகுப்பில் சேர்த்துவிடுங்கள். களத்தில் வயிற்றை அறுத்துப் பதிந்த பாலினமும் ஆய்வகம் காட்டும் பாலினமும் தட்டு முழுவதும் முரண்பட்டால் காரணம் தட்டுதான்.

எல்லா மீனிலும் இரண்டு அல்லீல்களும் இருப்பதாகக் காட்டும் குறிப்பான்கள் வருகின்றனவே?

அது சால்மன் குடும்பத்துக்கே உரிய தொல்லை. இவற்றின் மூதாதையில், ஏறத்தாழ 8 முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, முழு மரபணுத்தொகுதியும் இரட்டித்தது. அந்த இரண்டு படிகளில் (நகல்களில்) சில பகுதிகள் இன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒரு படியில் எல்லா மீனுக்கும் ஏ, மறு படியில் எல்லா மீனுக்கும் ஜி என்று நிலைத்திருந்தால், பிரைமர் இரண்டையும் சேர்த்துப் பெருக்கி "எல்லா மீனும் ஏஜி" என்று காட்டும். உண்மையில் அங்கே வேறுபாடே இல்லை. ஹார்டி-வைன்பர்க் சமநிலையை (சீராகக் கலந்து இனப்பெருக்கம் செய்யும் கூட்டத்தில் எதிர்பார்க்கும் விகிதம்) மீறி இரட்டை அல்லீல் மிகும் குறிப்பான்களையும், படிப்பு விகிதம் ஒன்றுக்கு ஒன்றாக இல்லாமல் மூன்றுக்கு ஒன்றாகக் குவியும் குறிப்பான்களையும் தொகுப்பு வடிவமைக்கும் கட்டத்திலேயே கழித்துவிட வேண்டும்.

அடிப்படைத் தரவுத்தொகுப்பு என்றால் என்ன? எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

முட்டையிடும் இடத்திலேயே, திரும்பி வந்த பெரிய மீன்களிடமிருந்து எடுத்த மாதிரிகளின் தொகுப்பு. பல கூட்டங்கள் கலந்த கடல் பிடிப்பில் (கலப்பில்) விழுந்த மீனை இதனோடுதான் ஒப்பிடுகிறோம். ஒரு கூட்டத்துக்குச் சுமார் 100 மீன், ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் எடுத்தது என்பது நல்ல இலக்கு.

குஞ்சுகளை எடுத்துத் தொகுப்பை நிரப்புவது எளிது, ஆனால் ஆபத்தானது. ஒரே ஆழமற்ற ஓரத்தில் வலை போட்டுப் பிடித்த 100 குஞ்சுகள் நாலைந்து பெற்றோரின் பிள்ளைகளாகவே இருக்கலாம். அப்போது கிடைக்கும் அல்லீல் அளவு (ஒவ்வொரு அல்லீலும் எத்தனை பங்கு என்பது) அந்தக் குடும்பங்களுடையது, ஆற்றுடையது அல்ல. வேறு வழியில்லை என்றால் ஓடையின் பல இடங்களில், பல நாட்களில் எடுங்கள்.

இன்னொரு பொறி: எந்தக் குறிப்பான்கள் கூட்டங்களைப் பிரிக்கின்றன என்று தேர்ந்தெடுத்த அதே மீன்களை வைத்தே, அந்தக் குறிப்பான்கள் எவ்வளவு நன்றாகப் பிரிக்கின்றன என்று சோதிப்பது. வினாத்தாளைப் பார்த்துவிட்டு எழுதிய தேர்வு அது. குறிப்பான்களைத் தேர்ந்தெடுக்க ஒரு பகுதி மீன், சோதனைக்கு வேறொரு பகுதி என்று முன்கூட்டியே பிரித்து வையுங்கள்.

தொகுப்பில் இல்லாத ஆற்றிலிருந்து ஒரு மீன் வந்தால், ஒதுக்கும் கணினி நிரல் "தெரியாது" என்று சொல்லாது. இருப்பதில் நெருங்கியதைக் காட்டிவிடும். மோசமான முடிவுகள் பல இந்த வழியாகத்தான் வருகின்றன.

ஒரு மீனை ஓர் ஆற்றுக்கு ஒதுக்கும் கணக்கு எப்படிப் போகிறது?

ஒரு குறிப்பானில் ஏ அல்லீலின் அளவு வடக்கு ஆற்றில் 0.8, தெற்கு ஆற்றில் 0.3 என்று கொள்வோம். மீன் ஏஏ. வடக்கில் அப்படி ஒரு மீன் கிடைக்கும் வாய்ப்பு 0.64, தெற்கில் 0.09. விகிதம் ஏழு மடங்கு. இதே போல ஐந்து குறிப்பான்கள் தனித்தனியாக ஒத்துழைத்தால் பதினெட்டாயிரம் மடங்கு. நிஜத்தில் அக்கம்பக்கத்து ஆறுகளில் 0.55, 0.45 என்றுதான் இருக்கும். அங்கே ஏஏ தருவது ஒன்றரை மடங்குதான். நூறு குறிப்பான்கள் தேவைப்படுவது அதனால்தான்.

ஆனால் விகிதத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது. கலப்பில் அந்த அரிய கூட்டம் 1%தான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீனின் டிஎன்ஏ அந்தக் கூட்டத்துக்கு 20 மடங்கு சாதகமாக இருக்கிறது. அது உண்மையில் அந்தக் கூட்டமாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? 20 × 0.01 = 0.2, மற்றவற்றுக்கு 0.99, ஆக 0.2 / 1.19, ஏறத்தாழ 17%. மீன்வள மேலாளர்கள் அடிக்கடி தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு மீனையும் தனித்தனியே ஒதுக்கி, பிறகு எண்ணிக் கூட்டினால் அரிய கூட்டத்தின் பங்கு ஊதிப் பெருக்கும். கலப்பின் விகிதத்தை நேரடியாக மதிப்பிடும் முறையே சரி. ரூபியாஸ் போன்ற நிரல்கள் அதையும் தனிமீன் வாய்ப்பையும் ஒருசேரத் தருகின்றன.

எத்தனை மீன் மாதிரி எடுக்க வேண்டும்?

கேள்வியைப் பொறுத்தது. 200 மீனில் ஒரு கூட்டம் 5% என்றால், மரபணுக் குழப்பமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் பதில் 2%க்கும் 8%க்கும் இடையில் ஊசலாடும். மாதிரியை 400 ஆக்கினால் இடைவெளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கும், பாதியாகாது. கலப்பில் 1% மட்டுமே இருக்கும் கூட்டம் 200 மீனில் ஒன்று கூடத் தட்டுப்படாமல் போக 13% வாய்ப்பு உண்டு. "காணப்படவில்லை" என்பதை "இல்லை" என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

எண்ணிக்கையைவிட எங்கே, எப்போது எடுத்தீர்கள் என்பது முக்கியம். முதல் வாரம் 10,000 மீன் பிடிபட்டு 200 மாதிரி. ஒரு கூட்டத்தின் பங்கு 30%. இரண்டாம் வாரம் 40,000 பிடிபட்டு அதே 200 மாதிரி, பங்கு 5%. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் 17.5% என்று வரும். பிடிப்பின் எடையோடு கணக்கிட்டால் 3,000 கூட்டல் 2,000, அதாவது 10%தான். பெரிய வாரத்தில் மாதிரியைக் குறைத்துவிட்டு எந்த நவீனக் குறிப்பானாலும் அதை ஈடுகட்ட முடியாது.

எல்லா ஆறுகளையும் பிரித்துவிட முடியுமா?

முடியாது. அப்படி உறுதி கொடுப்பவரிடம் சோதனை முடிவைக் கேளுங்கள். நெருங்கிய கூட்டங்களைச் சேர்த்து அறிக்கைக் குழுக்களாக்குவோம். ஒரு குழுவின் மீன்களை மட்டும் வைத்துக் கணினியில் செய்த பாவனைக் கலப்பில் குறைந்தது 90% அதே குழுவுக்குத் திரும்பி வந்தால் அந்தக் குழு நிற்கும். வராவிட்டால் பக்கத்துக் குழுவோடு சேர்த்துவிட வேண்டும்.

மேற்கு அலாஸ்காவின் கடலோர 'சம்' என்னும் சால்மன் இனம் இதற்குப் பேர்போனது: நார்ட்டன் வளைகுடா, கீழ் யூக்கான், குஸ்கோக்விம், நுஷாகாக் எல்லாம் மரபணுவில் நெருங்கிய உறவு. கலிபோர்னியாவின் மையப் பள்ளத்தாக்கிலோ மனிதனே காரணம். பொரிப்பகங்களுக்கு இடையே மீன்களை மாற்றியதாலும், குஞ்சுகளைப் பொரிப்பகத்திலிருந்து தொலைவில் கொண்டுபோய் விட்டதாலும், இலையுதிர்கால சினூக்கில் ஒரு பொரிப்பகத்தை இன்னொன்றிலிருந்து பிரிப்பது பெரும்பாடு. அதே பள்ளத்தாக்கின் சாக்ரமென்டோ குளிர்கால சினூக் தெளிவாகத் தனித்து நிற்கிறது. 1994இல் அமெரிக்காவின் அருகிவரும் உயிரினச் சட்டத்தில் அழியும் ஆபத்திலுள்ளதாக அறிவிக்கப்பட்ட கூட்டம் அது.

இளஞ்சிவப்பு சால்மனில் ஆண்டும் சேர வேண்டும். இரண்டே ஆண்டு ஆயுள் என்பதால் ஒரே ஆற்றின் ஒற்றைப்படை ஆண்டு மீனும் இரட்டைப்படை ஆண்டு மீனும் கலப்பதே இல்லை. இரண்டுக்கும் தனித் தரவுத்தொகுப்பு வேண்டும்.

கூட்டம் பிரியாத பொரிப்பக மீன்களுக்கு என்ன வழி?

பெற்றோர் வழிக் குறியிடல். பொரிப்பகத்தில் முட்டையும் விந்தும் எடுக்கும் ஒவ்வொரு மீனின் துடுப்பிலும் ஒரு துணுக்கு எடுத்துப் படித்துவிட்டால், அதன் எல்லாக் குஞ்சுகளும் குறியிடப்பட்டதுபோலத்தான். பின்னால் கடலில் ஒரு மீன் பிடிபட்டால், அதன் தாய் தந்தையைத் தேடி, பொரிப்பகம், பிறந்த ஆண்டு இரண்டையும் சொல்லலாம். 60 முதல் 100 எஸ்என்பிகள் இதற்குப் போதும் என்று 2006இலேயே காட்டப்பட்டது. ஸ்னேக் ஆற்றுப் பொரிப்பகங்களில் 2008 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஓட்டை எங்கே என்றால், விடுபட்ட பெற்றோர். ஆணில் 95%, பெண்ணில் 95% படிக்கப்பட்டிருந்தால் இருவரும் கிடைக்கும் குஞ்சுகள் 90% மட்டுமே. கணக்கை அதற்கேற்ப விரிக்காவிட்டால் மீதி 10% "இயற்கை மீன்" என்று தவறாகப் பதிவாகும்.

வசந்தகால, இலையுதிர்கால மீன்களை ஒரே ஒரு மரபணுவை வைத்துப் பிரிக்கலாம் என்கிறார்களே?

28ஆம் குரோமோசோமில் கிரெப்1எல் என்ற மரபணுவை ஒட்டிய பகுதி, சினூக் ஆற்றுக்கு முன்கூட்டியே வருமா பிந்தி வருமா என்பதோடு மிக வலுவாகத் தொடர்புடையது. 2017 முதல் வந்த ஆய்வுகள் இதைக் காட்டின. பல ஆறுகளில் மற்ற குறிப்பான்கள் இரண்டு வகையையும் பிரிக்கவே மாட்டா. இந்தப் பகுதி பிரிக்கும். முன்வரவு மீன்கள் எவ்வளவு பிடிபடுகின்றன என்று அறிய இது அருமையான கருவி.

ஆனால் இது வருகைக் காலத்தைச் சொல்கிறது, ஆற்றைச் சொல்வதில்லை. வெவ்வேறு ஆறுகளின் வசந்தகால மீன்களிடம் இந்த மரபணுப் பகுதியின் ஒரே வடிவம் இருக்கும். இரண்டு வடிவமும் கலந்த மீன்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதை மேலாண்மைத் திட்டமே முன்கூட்டி முடிவு செய்திருக்க வேண்டும்.

பருவம் நடக்கும்போதே முடிவு கிடைக்குமா?

கிடைக்கும், ஏற்பாடு இருந்தால். அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் ஜூன் மாதம் சாக்கை சால்மன் வரும் வழியில், போர்ட் மோலர் அருகே சோதனைப் படகுகள் வலை போடுகின்றன. துணுக்குகள் விமானத்தில் ஆங்கரேஜில் உள்ள மாநில ஆய்வகத்துக்குப் போகின்றன. நாக்நெக், எகெகிக், உகாஷிக், நுஷாகாக் என எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு மீன் வந்துகொண்டிருக்கிறது என்பது மீன் அங்கு சேருமுன்பே தெரிந்துவிடும். மீனுக்கு அந்தத் தூரம் ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். ஆய்வகம் அதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால், தட்டுகளும் வேதிப்பொருட்களும் பருவத்துக்கு முன்பே அளந்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

தரவுத்தொகுப்பை எப்போது புதுப்பிக்க வேண்டும்?

அல்லீல் அளவுகள் மெதுவாகத்தான் நகரும். பெரிய கூட்டங்களுக்கு அவசரமில்லை. முட்டையிடும் மீன்கள் சில நூறாகச் சுருங்கிய கூட்டம், வெளி மீன் கொண்டுவரப்பட்ட பொரிப்பகம், அணை அகற்றப்பட்டு மீன்கள் புதிதாகக் குடியேறும் ஆறு ஆகிய மூன்றையும் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒருமுறை மறுபடி எடுங்கள். சினூக்குக்கு ஒரு தலைமுறை சுமார் நான்கு ஆண்டு. மீந்த திசுவையும் டிஎன்ஏவையும் எறிந்துவிடாதீர்கள். குறிப்பான் தொகுப்பு மாறும் நாளில், பழைய குப்பி கையில் இருந்தால் மறுபடி ஆற்றுக்குப் போகாமல் ஆய்வகத்திலேயே புதிய தொகுப்பில் ஓட்டிக்கொள்ளலாம்.